மூன்று நாள் மீன் பொரிக்காத வீடு

மணமில்லாத வீட்டுக்கும் ஒரு மணம் உண்டு என்பதை நான் என் பதினோராவது வயதில், ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் தெரிந்துகொண்டேன். பாடசாலை விட்டு வந்து கதவைத் திறந்தால் வழக்கமாக முகத்தில் வந்து மோதுகிற, பொரித்த மீனும் தாளித்த வெங்காயமும் வறுத்த மிளகாயும் கலந்த அந்தக் காற்று அன்று இல்லை. ஹீற்றரின் சூடான தகர வாடையும், சோப்புப் போட்டுத் துடைத்த தரையின் ஈரமும், குடியிருந்தவர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டதுபோன்ற ஒரு வெறுமையும்தான் இருந்தன. பிழையான கதவைத் திறந்துவிட்டேனோ என்று வெளியே போய் இலக்கத்தை இன்னொரு தரம் பார்த்தேன். எங்கள் வீடுதான். உள்ளே குசினியில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. அவர்களுடைய தாயார் இறந்தபோது சித்திக்கு ஒன்பது வயது, அம்மாவுக்கு இருபது. அன்றிலிருந்து தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, பிறகு கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தது எல்லாம் அம்மாதான். எங்களுடைய அந்த இரண்டு அறை வீட்டில் சித்திக்கும் எனக்கும் ஓர் அறை. அவருடைய கட்டிலுக்கும் என்னுடைய கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டாக நடக்கத்தான் இடம் இருக்கும். சித்தி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முன்மேசையில் இருந்தார். அதே கடையின் பின்னறையில் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தவர் வெய் என்ற சீனர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள் என்ற செய்தி அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அம்மா சத்தம் போடவில்லை, அழவில்லை, ஒருநாள்கூடச் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லவுமில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இரண்டு கிழமை தையல் மிசினோடேயே இருந்தார். எங்கள் மாடியிலிருந்தும் கீழ் மாடிகளிலிருந்தும் சட்டை தைக்கக் கொண்டுவந்து கொடுக்கும் அன்ரிமார் அந்த இரண்டு கிழமையும் சொன்ன நாளுக்கு முன்னதாகவே தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மாவின் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்பது, அப்பாவிடம் அவர் குசினியில் வைத்துச் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. “அவள் எங்கை போனாலும் நல்லா இருப்பாள். நான் அந்த வீட்டை போய் எங்கை இருக்கிறது? ஆரோடை என்ன கதைக்கிறது?” என்றார். சீனர், தமிழர் என்ற கதையெல்லாம் அதற்குப் பிறகுதான். தான் வளர்த்த பிள்ளை, தன்னால் கதவைத் தட்டிவிட்டுப் போய் உரிமையோடு இருக்கமுடியாத ஒரு வீட்டுக்குள் போய்விடும் என்பதுதான் அவருடைய பயம்.

கடைசியில் அம்மா ஒரு முடிவைச் சொன்னார். வெய்யின் தாய் முதலில் எங்கள் வீட்டுக்கு வரட்டும், ஆளைப் பார்த்த பிறகு தான் சொல்வதாக. அந்தத் தாயும் கிட்டத்தட்ட அதே நிலையில் மகனுக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று சித்தி மெல்லிய குரலில் சொன்னார். கணவனை இழந்து, ஒரே மகனை வளர்த்து எடுத்தவர் அவர். அவர்களுடைய ஊரில் பெரியவர்களுக்குத் தேநீர் வார்த்துக் கொடுப்பதுதான் மரியாதையாம். அதற்கு ஒரு தனியிடம் வீட்டில் இருக்கவேண்டுமாம்; வந்தவர் எழும்பி நடக்காமல், வார்ப்பவர் குசினிக்கு ஓடாமல், எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கவேண்டுமாம். அப்படியோர் இடத்தை எங்கள் வீட்டில் செய்துவைத்து, தன் கையால் அந்தத் தாய்க்கு வார்த்துக் கொடுக்கவேண்டும் என்று சித்தி தீர்மானித்துவிட்டார். வந்தவர்களுக்குப் பாலும் சீனியும் போட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்தால் போதாதா என்று அப்பா கேட்டதற்கு, சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். 

இடம் என்று பார்த்தால், அந்த வீட்டில் பகல் வெளிச்சம் விழுகிற ஒரேயொரு மூலை யன்னலடிதான். அங்கே அம்மாவின் தையல் மிசின் இருந்தது. சித்தி அதைக் கேட்கத் துணியாமல் மூன்று நாள் அந்த மூலையைச் சுற்றிச் சுற்றி அளவுநாடாவோடு நடந்தார். நான்காம் நாள் நாங்கள் எழும்பிப் பார்த்தபோது மிசின் தானாகவே சுவரோரம் நகர்ந்து, மேலே பூப்போட்ட கட்டில்விரிப்பால் மூடப்பட்டிருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தியும் நன்றி சொல்லவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையில் விஷயங்கள் அப்படித்தான் நடக்கும். கீழே குப்பை அறையில் யாரோ கழித்துவிட்டுப் போயிருந்த ஒரு பதிந்த, உயரம் குறைந்த மேசையை அப்பா தூக்கிக்கொண்டு வந்து, கழுவி, அரத்தாளால் தேய்த்து, கட்டைக் காலுக்குக் கீழே மட்டை மடித்து வைத்தார்.

பிறகு வெய் கொடுத்துவிட்ட சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நீக்கல் நீக்கலாகச் சட்டம் அடித்த ஒரு மரத்தட்டு. மேலே ஊற்றும் தண்ணீர் அதன் நீக்கலால் வடிந்து அடியிலிருக்கும் பெட்டிக்குள் போய்விடும். என் கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு மண் கேத்தில். விரல் நுனியால் பிடிக்கவேண்டிய ஆறு கோப்பைகள். அவற்றைப் பார்த்துவிட்டு அம்மா, “உது மருந்து குடிக்கிறதுக்கோ?” என்றார். சித்தி ஒத்திகை பார்த்தபோது சுடுதண்ணீரைக் கேத்திலுக்குள் விட்டது போதாதென்று கேத்திலின் தலையிலும் ஊற்றினார். அம்மா சாமிப்படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, இது அபிஷேகமோ என்று கேட்டார். இலையிலிருந்து முதலில் ஊறி இறங்கிய சாயத்தை யாருக்கும் கொடுக்காமல் தட்டில் கொட்டியதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை. நல்ல சாயத்தைக் கொட்டிவிட்டு மிச்சத்தை வந்த ஆட்களுக்குக் கொடுக்கிற வழக்கம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அன்று பின்னேரம் முழுவதும் புறுபுறுத்தார். அதோடு, தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்திலும் குசினியில் சோறு அவிக்கும் குக்கரும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் வீடு முழுக்க இருட்டாகிவிடும் என்பதும் அந்த ஒத்திகையில்தான் தெரியவந்தது. விருந்தாளி வரும் நேரத்தில் சோறு அடுப்பில் இருக்கக்கூடாது என்று அப்பா பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தார்.

ஆனால் உண்மையான சண்டை வந்தது மணத்தால். தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று வெய் சும்மா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். சித்தி அதைப் பிடித்துக்கொண்டார். வெளியே பனி, யன்னலை ஒரு விரற்கடைக்கு மேல் திறக்க முடியாது, எங்கள் வீட்டுக் கறிமணமோ குளிர் ஜாக்கெற்றுகளில் ஏறிக்கொண்டு என்னோடு பாடசாலைவரை வருகிற மணம். ஆகவே மூன்று நாளுக்கு மீன் பொரிக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது, தூள் வறுக்கவே கூடாது என்று சித்தி சொன்னார். “என்ரை வீட்டிலை மீன் பொரிக்கிறதுக்கு நான் ஆரிட்டைக் கேக்கோணும்?” என்றார் அம்மா. அன்று இரவு ஒருவரோடொருவர் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் அம்மா ஜாக்கெற்றுகளை எல்லாம் பெரிய பையில் கட்டி, காரின் பின்பெட்டிக்குள் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தார். அன்றிலிருந்துதான் பாணும் பட்டரும், அவித்த பருப்பும், மணமில்லாத வீடும்.

இனி என் பங்கைச் சொல்லவேண்டும். எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. அந்த மூலை உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. மரத்தட்டு, அதன் நடுவே கேத்தில், சுற்றிவரக் கோப்பைகள், ஓரத்தில் அப்பா வாங்கிவந்த ஒரு சின்னப் பச்சைச் செடி. ஒரேயொரு குறை, தேயிலை இருந்த பை. வெய்யின் மாமன்காரர் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இலை அது. வெய் அதில் கொஞ்சத்தை வீட்டிலிருந்து எடுத்து, கசங்கிய வெள்ளிப் பையொன்றில் போட்டு, ரப்பர் வளையத்தால் கட்டிக் கொடுத்திருந்தார். அவ்வளவு அழகான இடத்தில் அந்தக் கசங்கல் பை இருந்தால் வருகிறவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. குசினி அலுமாரியின் மேல்தட்டில் நீலப் பூ வரைந்த ஒரு தகரப் பிஸ்கற் “ரின்” இருந்தது. எங்கள் வீட்டில் எந்த ரின்னையும் எறிவதில்லை. பிஸ்கற் முடிந்தால் அதற்குள் ஊசி நூல் போகும், பருப்புப் போகும், தூள் போகும். அது வெறுமையாகத்தான் இருந்தது. துணியால் உள்ளே ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, இலை முழுவதையும் அதற்குள் கொட்டி, மூடியை அழுத்தி மூடி, மரத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சித்தி பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

அந்த ரின்னில் கடைசியாக இருந்தது அம்மா மல்லி, சீரகத்தோடு வறுத்து இடிப்பித்த மிளகாய்த்தூள்.

சனிக்கிழமை பின்னேரம் அவர்கள் வந்தார்கள். வெய்யின் தாயார் மெலிந்த, உயரம் குறைந்த பெண்; சப்பாத்தைக் கழற்றி இரண்டையும் சேர்த்து வாசல்பக்கம் திருப்பி வைத்தார், ஒரு பை தோடம்பழத்தை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். சிரித்தார், ஆனால் அது வீடு பார்க்க வந்த சிரிப்பு. பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது. அந்த மூலைக்குள் நாலு பேர் இருந்தால் முழங்கால் முழங்காலோடு முட்டும். ஒரு பக்கம் அம்மாவும் வெய்யின் தாயாரும் நேருக்கு நேர், ஒருவர் முகம் மற்றவருக்கு ஒரு முழத் தூரத்தில். மற்றப் பக்கம் வெய். வார்க்கிற இடத்தில் சித்தி. அப்பாவும் நானும் இடமில்லாமல் மூடிய தையல் மிசினோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.

சித்தி ரின்னைத் திறந்தார். அந்தக் கிழமை அவருக்குக் கடுமையான “தடிமன்”, மூக்கு இரண்டும் அடைத்திருந்தது. ஆகவே அவர் ஒன்றையும் உணரவில்லை. கேத்திலுக்குள் சுடுதண்ணீர் விழுந்ததும் எழும்பிய ஆவி என்னிடம் வந்தது. மூன்று நாளாக எங்கள் வீட்டில் இல்லாமற் போயிருந்த அந்த மணம், மல்லியும் சீரகமும் செத்தல் மிளகாயுமாக, முழுசாக அதில் இருந்தது.  முதல் சாயத்தைக் கொட்டும்போது எல்லாம் அதோடு போய்விட வேண்டுமென்று சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். போகவில்லை. சித்தி இரண்டாம் சாயத்தைக் கோப்பைகளில் வார்த்து, முதலாவதை வெய்யின் தாயாருக்கு இரு கையாலும் கொடுத்தார், அடுத்ததை அம்மாவுக்கு.

அம்மா ஒரு மிடறு குடித்தார். குடித்த அந்தக் கணமே அவருடைய கண் ரின்னுக்குப் போனது, ரின்னிலிருந்து என்னிடம் வந்தது. தன் கையால் வறுத்த தூளை அவருக்குத் தெரியாதா? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  இன்னொருவர் வீட்டுத் தேயிலையைத் தூள் ரின்னுக்குள் போட்டுக் கெடுத்த கதையை, அந்த மனுஷியின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கொடுத்ததைக் கோப்பையில் மிச்சம் விடுவதும் எங்கள் ஆட்களுக்கு அவமரியாதை. அம்மா மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். எதிரே வெய்யின் தாயாரும் குடித்து முடித்து, இரண்டு விரலால் மேசையில் மெதுவாகத் தட்டினார். நன்றி என்பதை அவர்கள் அப்படித்தான் தெரிவிப்பார்கள் என்று வெய் விளக்கினார். அம்மாவும் தட்டினார்.

வெறும் கோப்பையைக் கண்டால் வார்ப்பவர் உடனே நிரப்பவேண்டும், போதும் என்றால் குடிப்பவர் கோப்பையை நிறைத்தபடியே விட்டுவிடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெய் இதைச் சித்திக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சித்தி தன் பதற்றத்தில் அம்மாவுக்குச் சொல்ல மறந்துவிட்டார். ஆகவே அம்மா குடித்து வைக்க வைக்கச் சித்தி வார்த்தார். வெய்யின் தாயாருக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். அவர் தன் கோப்பையைத் தொடாமல் வைத்திருக்கலாம். ஆனால் வீட்டுக்காரி குடித்துக்கொண்டிருக்கும்போது தான் நிறுத்துவது எப்படி என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் குடித்தார். வெய் முதல் மிடறிலேயே விறைத்துப்போய்ச் சித்தியைப் பார்த்தார். அவருடைய பூரித்த முகத்தைக் கண்டதும் தானும் கோப்பையைக் காலி செய்தார். சித்தி மட்டும் ஒரு துளி குடிக்கவில்லை, வார்ப்பதிலேயே கவனமாக இருந்தார்.

நடுவில் பேச்சும் நடந்தது. வெய் இரண்டு பக்கமும் ஆங்கிலத்திலும் சீனத்திலுமாக மாற்றிச் சொன்னார். சித்தியை யார் வளர்த்தது என்று அந்தத் தாயார் கேட்டதும், அம்மா தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. மற்றப்படி என் கவனம் முழுவதும் கோப்பைகளில்தான். ஒவ்வொருவரும் பன்னிரண்டு தரம் குடித்தார்கள். ஐந்தாவதில் வெய்யின் தாயாரின் மூக்கு நுனி சிவந்தது. எட்டாவதில் கண் கலங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை, யன்னல் பக்கம் திரும்பி வெளியே பனி கொட்டுவதைப் பார்ப்பதுபோல் கொஞ்சநேரம் இருந்துவிட்டு மறுபடி கோப்பையை எடுத்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களை ஏற்றிக்கொண்டு லிஃப்ற் கதவு மூடியதும் சித்தி துள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். “அக்கா, பாத்தியளே, எவ்வளவு விரும்பிக் குடிச்சவ” என்றார். அம்மா கேத்திலில் மிஞ்சியிருந்ததை ஒரு கோப்பையில் வார்த்து அவரிடம் நீட்டினார். மூக்கு அடைத்திருந்தாலும் தொண்டை அடைத்திருக்கவில்லையே. சித்தி குடித்தார், இருமினார், ரின்னைத் தூக்கி முகத்தருகே பிடித்தார், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்கினார். எல்லாம் போய்விட்டது, இனி அந்த மனிசி இந்தப் படிக்கட்டு ஏறமாட்டா என்று அழுதார். நானும் அழுதேன், நான்தான் போட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். செத்துப்போகலாம் போல் இருந்தது.

அம்மா கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

“ஏன் அழுறாய்? அவவுக்கு அது தொண்டையாலை இறங்கேல்லை. நான் முகத்துக்கு முன்னாலை இருந்து பாத்தனான். வேண்டாமெண்டு சொல்ல வந்த ஆளெண்டா முதல் வாயோடை வைச்சிட்டு எழும்பியிருப்பா. கண்ணாலை தண்ணி வடிய வடிய உனக்காண்டிக் குடிச்சவ.” கேத்திலைத் துடைத்துத் தட்டின் நடுவே வைத்தார். “அந்த மனிசிக்குப் பக்கத்திலை நான் போய் இருக்கலாம்.”

அதுதான் சம்மதம்.  அன்று இரவு அம்மா மீன் பொரித்தார்.

அடுத்த வைகாசியில் கல்யாணம் நடந்தது. அம்மா சொன்னபடியே அந்த வீட்டுக்குப் போய் இருந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது அப்பா அவரைக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் முப்பது சொல் தேறாது, ஆனாலும் பின்னேரம் முழுவதும் என்னத்தையோ கதைப்பார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் சித்தி துணிந்து தன் மாமியாரிடம் அந்தத் தேநீரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர் அதைத் தமிழர் வீட்டுத் தேநீர் என்றே நினைத்தாராம். மகன் இவர்களோடுதான் வாழப்போகிறான் என்றால் தானும் பழகத்தானே வேண்டும் என்று நினைத்துக் குடித்தாராம்.

அம்மா போய் நான்கு வருடம். வெய்யின் தாயார் அதற்கு அடுத்த பனிக்காலத்தில் போனார். அந்த அடுக்குமாடி இன்னும் நிற்கிறது. ஒன்பதாம் மாடியில் எங்கள் யன்னலடியில் இப்போது யார் என்ன வைத்திருக்கிறார்களோ தெரியாது. சித்தியும் வெய்யும் மார்க்கம் நகரில் பெரிய வீடு வாங்கி, தேநீருக்கென்றே ஒரு தனியறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே மரத்தில் அறுத்த நீண்ட மேசை, தண்ணீர் தானாக வந்து தானாகப் போக ஏற்பாடு, சுவரெல்லாம் தட்டு, தட்டெல்லாம் கேத்தில். வார்க்க எல்லாம் இருக்கிறது. எதிரே இருந்து குடிக்கத்தான் அந்த இரண்டு பேரும் இல்லை. நான் போகும்போதெல்லாம் நாங்கள் குசினியில் நின்றுகொண்டே பால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவோம்.

போன கிழமை சித்தி தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய மகள் தன்னோடு படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாளாம். சனிக்கிழமை அவனும் அவனுடைய தாயும் வீட்டுக்கு வருகிறார்களாம். என்ன ஆட்கள், எந்த ஊர் என்று நான் கேட்டேன். தான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருக்கிறது என்றார். 

“அக்கா அண்டைக்கு எவ்வளவு பயந்திருப்பா எண்டு எனக்கு இப்பதான் பிள்ளை விளங்குது” என்றார் சித்தி. “நீ வந்து எனக்குப் பக்கத்திலை இரு.”

சனிக்கிழமை வரமாட்டேன் என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டேன்.